கடைசி சீட்டுக்கு அடியில்

இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும், "சரி சரி, போய்த் தூங்குப்பா" என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நடந்தது. கம்பெனி கேட்டில் பதிவேடு இருக்கிறது. அக்காவின் போனில் அழைப்பு வந்த நேரம் இருக்கிறது. நடுரோட்டில் என்னைத் திட்டிய லாரிக்காரர் ஒருவர் இருக்கிறார். இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நடு ராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். இது மாலை நாலு பத்துக்கு நடந்தது. நல்ல வெயில். கண் கூசுகிற வெயில்.

நான் வேன் ஓட்டுகிறேன். கம்பெனி ஆட்களை வீட்டில் ஏற்றி வேலைக்குக் கொண்டுபோய் விடுவது, ஷிப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து இறக்குவது. எங்கள் ஸ்டாண்டில் மொத்தம் ஆறு வேன். ஆறு வேனுக்கும் சேர்த்துத் தீயணைப்பு சிலிண்டர் ஒன்றே ஒன்று.

சிரிக்காதீர்கள், பல இடத்தில் இந்தக் கூத்துதான். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வண்டியும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதிகாரி உள்ளே எட்டிப் பார்ப்பார். சிலிண்டர் இருந்தால் ஒரு டிக். அதனால் யாருக்குப் பரிசோதனையோ அவர் வண்டிக்கு அன்றைக்கு சிலிண்டர் போகும். வேலை முடிந்ததும் திரும்பி வரும். இப்படி வீடு வீடாகச் சுற்றுவதால் அதற்கு 'விருந்தாளி' என்று பெயர் வைத்திருந்தோம். "விருந்தாளி இப்ப யார் வீட்ல இருக்காரு?" என்று கேட்டால் ஸ்டாண்டில் எல்லோருக்கும் புரியும்.

அந்த சிலிண்டர் அத்தானுடையது. என் அக்கா புருஷன். அவரும் எங்கள் ஸ்டாண்டில்தான் வேன் ஓட்டினார். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லித் தந்தவர், வண்டிக்கு முன்பணம் கட்டியவர், அவர்கள் வீட்டு மாடி அறையை எனக்கு விட்டுக் கொடுத்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ரோட்டில் ஒரு கார் எரிவதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

"முப்பது பேரு நின்னாங்கடா. எல்லாரும் போன்ல படம் எடுக்கிறாங்க. ஒருத்தன் கையிலயும் ஒண்ணும் இல்ல. நின்னவன்ல ஒருத்தன் கையில ஒண்ணு இருந்திருந்தா போதும்."

மறுநாளே போய் வாங்கிவிட்டார். ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், இரும்புப் பட்டை அடித்து கிளிப் போட்டு மாட்டினார். நாங்கள் எல்லாம் கிண்டல் செய்தோம். கிண்டல் செய்துவிட்டு, பரிசோதனை வந்ததும் அவரிடமே போய் நின்றோம். அவர் யாருக்கும் இல்லை என்றதில்லை. ஒரே நிபந்தனைதான்: அன்று சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும்.

அந்த முறை ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குப் பரிசோதனை. காலையில் வாங்கிப் போனேன். டிக் விழுந்தது. சிலிண்டரைக் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளி, உருளாமல் இருக்க ஒரு சாக்கு மூட்டையை அண்டக் கொடுத்தேன். சாயங்காலம் மறந்துவிட்டேன்.

புதன்கிழமை போனில் கேட்டார். "நாளைக்குத் தர்றேன் அத்தான்" என்றேன்.

வியாழக்கிழமை காலை ஸ்டாண்டில் என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். டக்... டக். அது அவர் பழக்கம். கூப்பிட மாட்டார், தட்டுவார்.

"விருந்தாளி எங்க?"

உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கால்களையெல்லாம் விலக்கிக் கடைசி சீட்டு வரை தவழ வேண்டும். எனக்கு சோம்பல். நான் உண்மையைத்தானே எழுத வேண்டும்? சோம்பல்தான்.

"சாயங்காலம் வீட்டுக்கே கொண்டாந்து தர்றேன் அத்தான்."

"மறந்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை, ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது, கிடங்குகளுக்குப் பின்னால் போகும் ரோட்டில் அவர் வண்டி தீப்பிடித்தது. ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு. சீட் பெல்ட் கழலவில்லை. தீயணைப்பு வண்டி வந்தபோது நாலு முப்பத்தைந்து.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். நல்ல மனிதர், தெரியாமல் சொன்னார்.

"சீட்டுப் பக்கத்துல ஒரு இரும்புப் பட்டை இருக்கு. அதோட கிளிப் திறந்து கிடந்துச்சு. பாவம், கையை நீட்டித் தேடியிருக்காரு."

எனக்கு அழுகை வரவில்லை. அன்றும் வரவில்லை, சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்த பிறகும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, நம் கன்னத்தையே தொட்டுப் பார்த்தால் யாரோ ஒருவருடைய கன்னம் மாதிரி இருக்குமே, அப்படி முழு உடம்பும் இருந்தது. சாப்பிட்டேன். தூங்கினேன். நாலாம் நாள் வண்டியை எடுத்தேன். சிலிண்டர் கடைசி சீட்டுக்கு அடியில் அப்படியே கிடந்தது. எடுக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை.

அக்காவிடம் சொல்லவில்லை. எனக்கு இருக்கிற ஒரே சொந்தம் அவள். சொன்னால் அதுவும் போய்விடும். தினமும் அவள் கையால்தான் சாப்பிட்டேன். தட்டை வைப்பாள், எதிரே உட்காருவாள், பேச மாட்டாள். அத்தான் இறந்த அன்று ராத்திரி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"நாலு பத்துக்கு நீ எங்க இருந்த?"

"கம்பெனி கேட்ல, அக்கா."

"நிஜமா?"

"நிஜமா. கேட்ல எழுதியிருப்பாங்க."

உண்மைதான். மூன்று ஐம்பத்தைந்துக்கு உள்ளே போனேன். நாலரைக்கு வெளியே வந்தேன். அங்கிருந்து கிடங்கு ரோடு பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரு வாரம் கழித்து மறுபடி அதையே கேட்டாள். அதே பதில் சொன்னேன். துக்கத்தில் இருப்பவள், ஏதோ கேட்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

பிறகுதான் ஆரம்பித்தது.

ஒன்பதாவது நாள். கம்பெனி வளாகத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். பக்கவாட்டுத் தகரத்தில் சத்தம். டக்... டக்.

"வர்றேன் அத்தான்" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இறங்கிப் பார்த்தேன். யாரும் இல்லை. டேஷ்போர்டு கடிகாரம் 4:10.

தகரம் வெயிலில் விரியும், சத்தம் வரும். எனக்குத் தெரியாதா? அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாளும் 4:10. அதற்கு மறுநாளும்.

பதினான்காவது நாள் வண்டியைப் பெருக்கும்போது பார்த்தேன். சிலிண்டர் கடைசி சீட்டுக்கு அடியில் இல்லை. அதற்கு முந்தைய சீட்டுக்கு அடியில் இருந்தது. பிரேக் அடிக்கும்போது உருண்டிருக்கும். ஆனால் சாக்கு மூட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. சிலிண்டரைத் திரும்பக் கொண்டுபோய் வைத்து இன்னொரு மூட்டையையும் அண்டக் கொடுத்தேன்.

பதினேழாவது நாள், இரண்டாவது சீட்டுக்கு அடியில்.

பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்யும் ஒரு பெண்மணி எப்போதும் அங்கேதான் உட்காருவார். அவரிடம் கேட்டேன்.

"இதை நீங்க நகர்த்தினீங்களா?"

"நான் எதுக்கு அண்ணே நகர்த்துறேன்? நானே சொல்லணும்னு இருந்தேன். கால் வைக்க முடியல. சுடுது."

தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி.

வெயில் படாத இடம் அது.

இருபத்தொன்றாவது நாள். வியாழக்கிழமை.

காலையில் கம்பெனியில் டிரைவர்களுக்குப் புதுச் சீருடை கொடுத்தார்கள். அதுவரை எங்களுக்கு நீலச் சட்டை. இப்போது பச்சை. சும்மா பச்சை இல்லை, கண்ணில் அடிக்கிற கிளிப்பச்சை, நெஞ்சில் குறுக்கே வெள்ளைப் பட்டை. "எல்லாரும் ஆளுக்கொரு மரத்துல போய் உக்காருங்கடா" என்று ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயை விரித்தேன். கஞ்சி மொடமொடப்போடு அதைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

மாலை 3:50. ஷிப்ட் ஆட்களை ஏற்றக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மெயின் ரோட்டில் குழாய் உடைந்துவிட்டது என்று போலீஸ்காரர் வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம் சார் போறது?"

"கிடங்கு ரோடு."

இருபத்தொரு நாளாக அந்த ரோட்டுக்கு நான் போகவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. திருப்பினேன்.

4:06. ரோட்டில் என் வண்டி மட்டும்தான். இரண்டு பக்கமும் நீளமான கிடங்குச் சுவர்கள். ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தேன், ஆனால் காற்றுச் சத்தம் இல்லை.

4:08. பக்கத்து சீட்டைப் பார்த்தேன்.

சிலிண்டர் அங்கே இருந்தது.

சீட்டின் மேல். நிமிர்ந்து. உட்கார்ந்திருப்பது போல.

நான் வைக்கவில்லை. காலையில் வண்டி கழுவும்போது அது நான் திரும்பத் தள்ளி வைத்தபடி கடைசி சீட்டுக்கு அடியில், இரண்டு மூட்டைக்குப் பின்னால் இருந்தது.

வளைவு திரும்பினேன்.

புகை.

ஒரு வெள்ளை வேன், ரோட்டோரமாக. முன் சீட்டுக்கு அடியிலிருந்து தீ மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் வண்டியை நிறுத்தினேன். சிலிண்டரை எடுத்தேன். இறங்கி ஓடினேன். இதையெல்லாம் யோசித்துச் செய்யவில்லை, உடம்பு செய்தது.

பத்தடி தூரத்தில் நம்பர் தெரிந்தது.

அத்தான் வண்டி.

நின்றுவிட்டேன்.

தீ எரிகிறது... சத்தம் இல்லை. பத்தடியில் நிற்கிறேன்... சூடு இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால் அத்தான். ஒரு கையில் போன், காதோடு. இன்னொரு கை பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது... அதை எப்படிச் சொல்வது... வாசலில் ஆளைக் கண்டதும் மலருமே, அப்படி. போனில் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது.

என் விரல் சிலிண்டர் வாயைப் பூட்டியிருக்கும் பின்னின் வளையத்துக்குள் இருந்தது. இழுத்தால் போதும்.

இழுக்கவில்லை.

இது நிஜமில்லை என்று தெரியும். இந்த வண்டி எரிந்து இருபத்தொரு நாள் ஆகிறது. கரிக்கட்டையாகக் கிடந்ததை நானே பார்த்தேன். அத்தானை நானே எரித்தேன். இது பேய். பேய் மேல் தீயணைப்புப் பவுடர் அடித்து என்ன ஆகப்போகிறது?

அப்படித்தான் நினைத்தேன். அப்போதும் பயம் வரவில்லை. அதே மரமரப்பு.

அத்தான் என்னையே பார்த்தார். அவர் முகம் மாறியது.

உதடு மறுபடி அசைந்தது. போனில்.

பிறகு கையால் கண்ணாடியைத் தட்டினார்.

டக்...

டக்.

அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

நான் நின்றேன்.

புகை கண்ணாடியை மூடியது.

...

ஹாரன். காதைப் பிளக்கும் ஹாரன்.

திரும்பினேன். என் வண்டிக்குப் பின்னால் ஒரு லாரி. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"பைத்தியமாய்யா நீ? நடுரோட்ல வண்டியப் போட்டுட்டு, சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு நிக்கிற. நாலு நிமிஷமா ஹாரன் அடிக்கிறேன்."

"அங்க... வண்டி..."

"எந்த வண்டி?"

திரும்பிப் பார்த்தேன். வெறும் ரோடு. தாரில் ஒரு கரிய திட்டு, இருபத்தொரு நாள் பழைய திட்டு. கைக்கடிகாரம் 4:14. சிலிண்டர் கையில் சில்லென்று இருந்தது.

வண்டியில் ஏறினேன். கம்பெனிக்குப் போய் ஆட்களை ஏற்றினேன். எல்லோரையும் அவரவர் வீட்டில் இறக்கினேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அத்தான் வந்து கேட்கிறார். அவர் பொருளை அவர் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். அக்காவிடம் சொல்லிவிட வேண்டும். அவள் என்ன சொன்னாலும் சரி, வீட்டை விட்டுப் போ என்றாலும் சரி.

மணி 7:20. கதவைத் தட்டினேன். அக்கா திறந்தாள். சிலிண்டரை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"அக்கா... அன்னிக்கு இது என் வண்டியிலதான் இருந்துச்சு. அத்தான் ரெண்டு தடவை கேட்டாரு. நான்தான் குடுக்கல."

அவள் சிலிண்டரைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைச் சட்டை. நெஞ்சில் வெள்ளைப் பட்டை.

"இது எப்ப குடுத்தாங்க?"

"எது?"

"இந்தச் சட்டை."

"இன்னிக்குக் காலையில."

"இதுக்கு முன்னாடி பச்சை போட்டதே இல்லையா?"

"இல்லக்கா. நீலம்தான். உனக்கே தெரியுமே."

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். பழைய அழைப்புகளின் பட்டியல். அத்தான் பெயர். இருபத்தொரு நாளுக்கு முந்தைய வியாழக்கிழமை. 4:10. மூன்று நிமிடம் நாற்பது விநாடி.

அவர் அக்காவுக்கு போன் செய்தது எனக்குத் தெரியாது. யாருக்குமே அவள் சொல்லவில்லை.

"வண்டி எரியுது, பெல்ட் கழல மாட்டேங்குதுன்னாரு" என்றாள் அக்கா. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "நான் கத்துறேன். உடனே, பயப்படாத, உன் தம்பி வந்துட்டான், விருந்தாளியைக் கையிலயே எடுத்துட்டு வந்துட்டான்னாரு. பச்சைச் சட்டை போட்டுட்டு ஓடி வர்றான், இதோ பக்கத்துல வந்துட்டான்னாரு."

நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"அப்புறம் ஒரு நிமிஷம் ஒண்ணுமே பேசல. அப்புறம், ஏன் நிக்கிறான்னு கேட்டாரு. கையில வச்சுக்கிட்டு ஏன் நிக்கிறான்னு. என்கிட்ட கேக்குறாரு. நான் என்ன சொல்வேன்? கண்ணாடியைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தடவை. அவ்வளவுதான்."

"அக்கா..."

"உன்கிட்ட கேட்டேன். கம்பெனி கேட்ல இருந்தேன்னு சொன்ன. செக்யூரிட்டிகிட்டயும் போய்க் கேட்டேன். இருந்தான், நீலச் சட்டைதான்னு சொன்னாங்க. சரி, புகையில கண்ணுக்கு என்னமோ தெரிஞ்சிருக்குன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இருபத்தொரு நாளா அப்படித்தான் தேத்திக்கிட்டேன்."

நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு நாலு பத்துக்கு நீ எங்க இருந்த?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பின்னின் வளையத்துக்குள் விரல் இருந்தது வரைக்கும். பேய்தானே என்று நினைத்தேன் என்பதையும் சொன்னேன்.

அக்கா அழவில்லை. திட்டவும் இல்லை. என் கையிலிருந்து சிலிண்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வளையமும் பின்னும் அதனதன் இடத்தில் இருந்தன. சீல் உடையவில்லை. கழுத்தில் இருக்கும் சின்ன வட்ட மீட்டரைப் புடவைத் தலைப்பால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முள் பச்சையில் நின்றது.

"முழுசா இருக்கே" என்றாள்.